மெத்தை வைத்த நாற்காலி

ரொட்டிக் கடைக்கு மேல் மாடியில் குடியிருப்பவனுக்கு அலாரம் தேவையில்லை. கீழே மாவைத் தூக்கி மேசையில் அறைகிற சத்தம் ஆரம்பித்ததும் தூக்கம் தானாகக் கலைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் முதல் தட்டு அடுப்பிலிருந்து வெளியே வரும். வாசனை படியேறி வந்து, கதவைத் தட்டாமலே உள்ளே நுழையும். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் போய்விட்டது, மூக்கு மட்டும் இன்னும் முழுசாக இருக்கிறது. அந்த வீட்டில் நடந்த பாதி சங்கதிகளை மூக்கால்தான் தெரிந்துகொண்டேன். மீதியை அவர்களே வந்து சொன்னார்கள். கல்யாணம் ஆகாத ஆள், காது கொடுத்துக் கேட்பான், போய்ச் சொல்வதற்கு வீட்டில் யாரும் கிடையாது என்கிற நம்பிக்கைதான்.

அந்த வருஷம் மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ரொட்டிக்காரருக்கு நெஞ்சுவலி வந்தது. நல்ல வேளை, பிழைத்துக்கொண்டார். கனமான எதையும் தூக்கக் கூடாது, தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும் என்று சொல்லி டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். டாக்டர் சொன்னது அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தபின் அது வளர்ந்தது. மாவு மூட்டையைத் தொடக் கூடாது என்பது மாவையே தொடக் கூடாது என்று ஆயிற்று. பிறகு அடுப்பு அறைக்குள் போகக் கூடாது என்று ஆயிற்று. கடைசியில் மனுஷன் நிற்கவே கூடாது என்று முடிந்தது. மகள் தன் டியூஷன் காசில் ஒரு நாற்காலி வாங்கி வந்தாள். கை வைத்தது, முதுகு சாய்ந்தது, சிவப்பு மெத்தை போட்டது. கடை வாசலில் வெயில் படாத பக்கமாக அதைப் போட்டு, அப்பாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ராஜா மாதிரி உட்காருங்கப்பா. இத்தனை வருஷம் நின்னது போதும்."

ரொட்டிக்காரர் உட்கார்ந்தார். மகள் ஆசையாக வாங்கி வந்ததை வேண்டாம் என்று எந்த அப்பன் சொல்வான்? மாவு மேசை அவர் மனைவியின் கைக்குப் போனது. கூட இருந்து அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் அடுப்பாள் ஏற்கெனவே இருந்தான். கடை ஒன்றும் நின்றுவிடவில்லை. முன்பெல்லாம் வருகிறவர்களிடம் இவர்தான், "நேத்து ரொட்டி எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார். இப்போது வருகிறவர்கள் இவரிடம், "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

அந்த மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பெயர் வாளி. பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, ஆஸ்பத்திரி வைத்த பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி, பெண்கள் வார்டில் படுத்திருந்தார். தலையெல்லாம் பிசுக்கு, அரிப்பு, எழுந்து குளிக்க முடியாது. இவள் கடையிலிருந்து ஒரு வாளியும், மாவை மூடி வைக்கிற பிளாஸ்டிக் தாளும் எடுத்துக்கொண்டு போனாள். அம்மாவைப் படுக்கையின் குறுக்காகப் படுக்க வைத்து, தாளைக் கழுத்துக்கடியில் வாய்க்கால் போல மடித்து, தண்ணீர் வாளிக்குள் விழும்படி செய்து, தலையைக் கழுவிவிட்டாள். பக்கத்துப் படுக்கை அம்மா, "எனக்கும் இதே மாதிரி பண்ணிவிடறியா கண்ணு?" என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார், ஆனால் மகள் வாளியோடு வார்டுக்குப் போனாள். அதற்கடுத்த ஞாயிறு தோழிகள் மூன்று பேர் கூடப் போனார்கள். பிறகு கல்லூரியில் பாதிப் பெண்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள்.

தண்ணீரின் சூட்டை மணிக்கட்டின் உள்பக்கம் ஊற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய முதல் விதி. சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. அது ரொட்டிக் கடையில் ஈஸ்ட் கரைக்கிற பக்குவம். அப்பா செய்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் அதையே சொல்லிக் கொடுத்தாள். அடுப்பு அறைக்குள் ஒருநாளும் கால் வைக்காத பெண்களெல்லாம் வார்டில், "ஈஸ்ட் சூடு வந்துருச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்களாம். இதை ரொட்டிக்காரர் என்னிடமே எத்தனையோ தடவை சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

அப்படிப்பட்டவள் திடீரென்று ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் படுத்துக் கிடக்க ஆரம்பித்தாள். ஒரு ஞாயிறு தலைவலி என்றாள். அடுத்த ஞாயிறு மழை என்றாள். அப்புறம் காரணமும் சொல்லவில்லை.

ஒருநாள் சாயங்காலம் தூறிக்கொண்டிருந்தது. நான் பன் வாங்கக் கீழே இறங்கியபோது வாசல் நாற்காலி காலியாக இருந்தது. ரொட்டிக்காரர் நடக்கப் போயிருந்தார். வாளி உள்ளே தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மழையில் நனைந்தபடி ஒரு பெண் கடைக்குள் வந்தாள். தலை நிறையச் சுருட்டை முடி. குழுவை இப்போது நடத்துகிறவள் அவள்தான், எல்லோரும் சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வாம்மா, நனைஞ்சுட்டியே. முதல்ல தலையைத் துவட்டு," என்று ரொட்டிக்காரம்மா ஒரு துண்டைத் தூக்கிப் போட்டார்.

சுருட்டை துண்டைக் கையில் வைத்துக்கொண்டே வாளியைப் பார்த்தாள். "அக்கா, டீச்சரம்மா முடி முழுக்கச் சிக்கு புடிச்சிருச்சுக்கா."

டீச்சரம்மா என்பது அந்த வார்டில் இடுப்பு எலும்பு முறிந்து மாதக்கணக்கில் கிடக்கிற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரம்மா. பார்க்க வர ஆள் இல்லாதவர். ஆனால் முடி முழங்கால் வரைக்கும் இருக்கும்.

"நுனியில இருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுக்க வேண்டியதுதானே," என்றாள் வாளி, தட்டைத் துடைத்தபடியே.

"தொட விட்டாத்தானேக்கா! கையைத் தட்டி விடுறாங்க. படுங்கன்னா படுக்க மாட்டேங்கிறாங்க. 'வாளி எங்க, அவ செத்துட்டாளா?'ன்னு கேக்குறாங்க."

"நல்ல வாய்தான் வாத்தியாரம்மாவுக்கு," என்றார் ரொட்டிக்காரம்மா.

"பெரிய நர்ஸ் கண்டிப்பா சொல்லிட்டாங்க. பேன் வந்து பக்கத்துப் படுக்கைக்கெல்லாம் பரவுதாம். இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள சிக்கு எடுக்கலைன்னா, திங்கக்கிழமை ஒட்ட வெட்டிடுவாங்களாம். அதைக் கேட்டதுல இருந்து டீச்சரம்மா சாப்பிடலைக்கா. வாயால ஒண்ணும் சொல்லலை. முடியை நெஞ்சு மேல போட்டுக் கையால புடிச்சிக்கிட்டே தூங்குறாங்க."

வாளியின் கை நின்றது. துணியைக் கீழே வைத்தாள். இதோ கிளம்பப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், குடையை எங்கே வைத்தோம் என்று தேடுகிற மாதிரி திரும்பினார்.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும்க்கா," என்றாள் சுருட்டை. "நீங்க எதையும் தொட வேணாம். சும்மா வந்து உட்கார்ந்தா போதும். மத்ததெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்."

வாளி மறுபடியும் துணியை எடுத்தாள். "எனக்குப் பரீட்சை வருது. நீயே பார்த்துக்கோ."

சுருட்டை அழுதுவிடுவாள் போல இருந்தது. ரொட்டிக்காரம்மா கொடுத்த பன்னை வாங்காமலே மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

அவள் தலை மறைந்ததும் அம்மா பிடித்துக்கொண்டார். நான் இருப்பதை அவர் பொருட்படுத்தவில்லை. மாடிக்காரன் என்றால் பாதி வீட்டு ஆள், பாதி தூண்.

"பரீட்சையாம் பரீட்சை. புத்தகத்தை நீ கையில எடுத்து எத்தனை நாளாச்சுன்னு எனக்குத் தெரியாதா? அந்தப் புள்ள முகத்தைப் பார்த்தியா? ஏன்டி, நீ பெத்துப்போட்டதை நீயே தெருவுல விட்டுட்டு வர்றியா?"

"நான் ஒண்ணும் பெத்துப்போடலை."

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா? மட்டு மரியாதை இல்லாம நடந்துக்கிட்டாங்களா? சொல்லு, நான் வந்து கேக்குறேன்."

"ஐயோ அம்மா, மரியாதைதாம்மா தாங்கலை."

"என்னடி உளர்றே?"

வாளி தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முடித்தாள். அப்புறம் மளமளவென்று வந்தது.

"முதல்ல நாலே பேர் போனோம்ல, அப்ப வீட்டுக்கு வரும்போது எப்படி வருவேன்? பாவாடை எல்லாம் நனைஞ்சு, கையெல்லாம் சோப்பு ஊறி வெளுத்துப்போய் வருவேன். பசி உயிர் போகும். அப்பா மிச்சம் வச்ச ரொட்டி எல்லாத்தையும் நாலு பேரும் காலி பண்ணுவோம். இப்ப போனா, வார்டு வாசல்லயே எனக்குன்னு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வச்சிருக்காங்கம்மா. தண்ணி மொள்ற மக்கைத் தொட்டா, 'அக்கா நீங்க ஏன்க்கா, குடுங்க'ன்னு புடுங்கிக்கிறாங்க. சிரிச்சுப் பேசிட்டு இருக்கிறவங்க, நான் உள்ள வந்ததும் வாயை மூடிக்கிறாங்க. போட்டோ எடுத்தா என்னை நடுவுல நிறுத்துறாங்க. புதுசா வர்ற புள்ளைங்ககிட்ட, 'இவங்கதான் ஆரம்பிச்சவங்க'ன்னு காட்டுறாங்க. அதுங்க என்னை, செத்துப்போன பெரிய மனுஷங்க படத்தைப் பாக்குற மாதிரி நின்னு பாக்குதுங்க."

"மதிக்கிறாங்கடி. அது ஒரு தப்பா?"

"தப்பு இல்லைம்மா. அதுதான் கஷ்டம். தப்பா இருந்தா சண்டை போட்டிருப்பேன்."

"வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே, எனக்கும் வேலை குடுங்கன்னு?"

"சொன்னேனே. 'அக்காவுக்கு எவ்வளவு பெரிய மனசு'ன்னு எல்லாரும் கை தட்டினாங்க."

ரொட்டிக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மகளுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. "போம்மா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு மட்டும் சிரிக்க வரவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கோபம் என்று நினைத்திருந்தேன். அவளுக்கு இருந்தது ஏக்கம். தான் மூட்டிய அடுப்பில் தனக்குக் குளிர்காய இடம் இல்லாமல் போன ஏக்கம்.

இரண்டு நாள் கழித்துச் சனிக்கிழமை மத்தியானம் கீழே பெரிய சத்தம் கேட்டது. இறங்கிப் போனேன். ரொட்டிக்காரம்மா துவைக்கப் போட்ட சட்டையைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் வாளி.

"மாடி சார், இதை நீங்களே பாருங்க. இது என்ன?"

சட்டைப் பையின் மடிப்பில் கருப்பாக நாலைந்து பொடி ஒட்டியிருந்தது. நான் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துவிட்டு, "எள்ளு மாதிரி இருக்கு," என்றேன்.

"எள்ளேதான். நம்ம கடையில என்னைக்காவது எள்ளு பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. பன்னின் தலையில் எள் தூவுவது பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரொட்டிக் கடையில்தான். அந்தக் கடைக்காரருக்கும் இவருக்கும் ஆகவே ஆகாது. ஒரே முதலாளியிடம் தொழில் பழகி, ஏதோ ஒரு சண்டையில் பிரிந்து, தனித்தனியாகக் கடை போட்டவர்கள். "பன்னுக்குப் பொட்டு வச்சு விக்கிறான். ருசி இருந்தா பொட்டு எதுக்கு?" என்று ரொட்டிக்காரர் சொல்லாத நாள் கிடையாது.

"நடக்கப் போறேன், நடக்கப் போறேன்னு தினம் கிளம்பிப் போயிட்டு அங்கதான் போயிருக்காரு," என்றார் ரொட்டிக்காரம்மா. "அந்த மனுஷன் இவரை என்ன வேலை வாங்குறாரோ. மூட்டை தூக்கச் சொன்னா இவரு மாட்டேன்னு சொல்ற ஆளா? வீம்புக்கே தூக்குவாரு. ஒரு தடவை பிழைச்சு வந்தாரு, மறுபடி வந்தா..." சட்டையால் முகத்தைத் துடைத்தார். "நீ போய் அப்பாவைக் கூட்டிட்டு வாடி. சார், நீங்களும் கூடப் போங்க."

தூறலில் ஒரு குடைக்குள் நானும் வாளியும் பாலத்தைத் தாண்டினோம். அவள் வழி முழுக்க வேகமாக நடந்தாள். "மூட்டையைத் தூக்கியிருந்தா என்ன பண்றது சார்? அந்த ஆளைச் சும்மா விட மாட்டேன்," என்று ஒரு தடவை சொன்னாள்.

பாலத்துக் கடையின் அடுப்பு அறைக்குத் தெருப் பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. கம்பி வழியாக உள்ளே தெரிந்தது. ரொட்டிக்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு மாவு மேசைக்கு முன் நின்றிருந்தார். இரண்டு கையிலும் இரண்டு உருண்டை. உள்ளங்கையால் மூடி மேசைமேல் ஒரு சுழற்று சுழற்றி விடுவார், அது வழவழவென்று குண்டாக உட்காரும். எதிரே பாலத்துக் கடைக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"யோவ், இது என்ன பன்னா, செங்கல்லா? இதைத் தலையில போட்டா ஆள் காலி."

"உன் மாவு அப்படி. மழை நாள்ல மாவு சோம்பேறி, கொஞ்சம் காத்திருக்கணும். உனக்குத்தான் என்னைக்குமே பொறுமை கிடையாதே."

"பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. கையை ஆட்டுய்யா, அடுப்பு காத்திருக்கு."

"எள்ளைக் கொண்டா முதல்ல. பொட்டு வைக்காம உன் பன்னு வெளியே போகாதே."

இருவரும் சிரித்தார்கள். ரொட்டிக்காரர் சிரித்த சிரிப்பில் மேசைமேல் இருந்த மாவுப் பொடி பறந்தது. நான் உள்ளே போகக் காலெடுத்தேன். வாளி என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சார், அப்பா சிரிக்கிறாரு."

ஆமாம். நெஞ்சுவலி வந்த பிறகு அந்த மனுஷன் சிரித்து நான் பார்க்கவில்லை. நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அந்தச் சிவப்பு மெத்தையில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

"அந்த நாற்காலியை நான்தான் வாங்கினேன் சார்," என்றாள்.

"தெரியும்மா. நல்ல எண்ணத்துலதானே வாங்கினே."

"எனக்குப் போட்டவங்களும் நல்ல எண்ணத்துலதான் போட்டாங்க." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். "எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் இவருக்கு அதையே பண்ணியிருக்கேனே சார். தினம் அவரைத் தாண்டித்தானே காலேஜுக்குப் போறேன்."

அவள் முதுகில் ஆறுதலாகத் தட்டிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். குடையைக் கொஞ்சம் அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தேன், என்னால் முடிந்தது அதுதான்.

அதற்குள் பாலத்துக் கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டார். வெளியே வந்தவருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"உங்கப்பாவை நான் வேலைக்கு வச்சிருக்கேன்னு நினைச்சுக்காதேம்மா. அவரு என்கூடச் சண்டை போட வர்றாரு. வந்த இடத்துல கை சும்மா இருக்க மாட்டேங்குது. மூட்டைப் பக்கம் நான் விடுறதில்லை. என் பேரப்புள்ள மேல சத்தியமா, உருட்டுறது மட்டும்தான்."

ரொட்டிக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டபடி வந்தார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு மாட்டிக்கொண்ட பையன் அவரிடம் தோற்றான். காதுக்குப் பின்னால் மாவு ஒட்டியிருந்தது. வாளி தன் தாவணியால் அதைத் துடைத்துவிட்டாள்.

திரும்பும்போது அவர்கள் இருவருக்கும் குடையைக் கொடுத்துவிட்டு நான் பின்னால் நடந்தேன். தூறலில் பேச்சு நன்றாகவே கேட்டது.

"அம்மாகிட்ட சொல்லிடாதே," என்றார் அப்பா.

"அம்மாதாம்ப்பா அனுப்பினாங்க."

"அப்ப சரி, இன்னைக்கு எனக்குச் சோறு கிடையாது." கொஞ்ச தூரம் நடந்தார். "நம்ம கடையில உள்ள போய்ப் பார்த்தேன் அம்மாடி. நான் கால் வச்சதும் அடுப்பாள் எந்திரிச்சு நிக்கிறான். 'நீங்க உட்காருங்கய்யா'ங்கிறான். உங்கம்மா கரண்டியோட ஓடி வர்றா. அந்த அடுப்புக்கு ஒவ்வொரு செங்கல்லா நான் வச்சது. அங்க எனக்கு நிக்க இடம் இல்லை. பாலத்துக்காரன் என்னடான்னா என்னை மடையன்னு சொல்றான். அது நல்லாத்தான் இருக்கு."

"எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்காங்கப்பா. ஆஸ்பத்திரியில."

ரொட்டிக்காரர் நின்று மகளைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைத் தலைவலியெல்லாம் அவருக்கு அந்த இடத்தில் புரிந்திருக்க வேண்டும்.

"மெத்தை வச்சதா?"

"இல்லைப்பா, வெறும் பிளாஸ்டிக்."

"அப்ப பரவால்ல. சீக்கிரம் எந்திரிச்சிடலாம்."

அவள் சிரித்துக்கொண்டே அப்பாவின் தோளில் நெற்றியை முட்டினாள். "மன்னிச்சிடுங்கப்பா" என்றோ வேறு எதுவோ சொன்னாள். அதற்கு அவர், "சே, போ," என்றார். பாலம் முடிகிற வரை அவள் அவர் கையை விடவில்லை.

கடை வாசலில் ரொட்டிக்காரம்மா நின்றிருந்தார்.

"மூட்டை தூக்கினீங்களா?"

"தூக்கலை."

"மெய்யா?"

"மெய்யாம்மா. உருட்டுறது மட்டும்தான்," என்றாள் மகள்.

கையில் இருந்த எள் ஒட்டிய சட்டையை ரொட்டிக்காரம்மா அவர்மேல் விட்டெறிந்தார். பயம் போனதும் உள்ளே இருந்த வேறொன்று வெளியே வந்தது. "போயும் போயும் பொட்டு வச்ச பன்னை உருட்டியிருக்கீங்க. நம்ம மாவு உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு? நான் ஒருத்தி விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுத் தனியா அந்த மேசையில மல்லுக்கட்டுறேன். கை எரியுது. ஒரு பேச்சுத்துணை உண்டா எனக்கு?" என்று சொல்லி அழுதார். பிறகு ஆணியில் தொங்கிய பழைய ஏப்ரனை எடுத்து வந்து அவர் கையில் திணித்தார். "நாளைக்கு வாங்க. மூட்டைப் பக்கம் போனீங்க, காலை ஒடிச்சிடுவேன்."

வாளி அதற்குப் பிறகு ரொம்ப காலம் வார்டுக்குப் போனாள் என்று சொல்ல மாட்டேன். படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, வேறு ஊருக்குப் போய்விட்டாள். சுருட்டையும் பிற்பாடு போயிருப்பாள். எல்லோரும் ஒருநாள் போகத்தான் வேண்டும். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது மறுநாள் ஞாயிற்றுக்கிழமைதான்.

விடியற்காலையில் கீழே மாவு அறைகிற சத்தத்தோடு பேச்சுச் சத்தமும் கேட்டது. "தண்ணி அதிகம்." "உங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா, சரியாத்தான் இருக்கு." "உன் கை ஈரத்தைத் துடை முதல்ல." கேட்கக் கேட்க நன்றாக இருந்தது. நான் இறங்கியபோது வாளி வாசலில் நின்று அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது எனக்கு வேணும்," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"எடுத்துட்டுப் போ. திரும்பக் கொண்டு வந்துடாதே!"

நாற்காலியைக் கவிழ்த்து என் தலைமேல் வைத்துக்கொண்டேன். நனையாமல் போகவும் வசதியாக இருந்தது. அவள் பழைய வாளியை எடுத்துக்கொண்டாள். தெருவே எங்களைப் பார்த்துச் சிரித்தது.

வார்டில் நாங்கள் நுழைந்ததும் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவள் சொன்னது எவ்வளவு உண்மை என்று அப்போதுதான் தெரிந்தது. சுருட்டை ஓடி வந்தாள். கை தானாக அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்தது.

"அக்கா வந்துட்டீங்களா, நீங்க உட்..."

"உட்காருன்னு சொன்னே, இப்படியே போயிடுவேன்," என்றாள் வாளி. "நான் இன்னைக்கு வாளி தூக்க வந்திருக்கேன். நீதான் லீடர். எங்க நிக்கணும், சொல்லு."

சுருட்டை முழித்தாள். அதற்குள் கோடிப் படுக்கையிலிருந்து ஒரு கணீர்க் குரல் வந்தது. "யாரது, வாளியா? இத்தனை நாள் எங்கடி போனே? சொல்லிட்டுப் போற பழக்கம் கிடையாதா?"

வாளி போய்க் கட்டிலின் பக்கத்தில் நின்றாள். "தப்புதான் டீச்சர்."

"தப்புன்னு தெரியுது இல்ல? இவளுங்க என்னை எப்பப் பாரு படு, படுன்னு சொல்றாளுங்க. மாசக்கணக்காப் படுத்துத்தானே கிடக்கேன். இனிமே உட்காரலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. உட்கார்ந்து தலை குளிக்கணும்னு எனக்கு ஆசையா இருக்கு. அதைச் சொன்னா, உன் விதி அது இல்லையாம். படுக்க வச்சுத்தான் கழுவணுமாம்."

"அக்கா அப்படித்தானே சொல்லிக் குடுத்தாங்க," என்றாள் சுருட்டை, பாவமாக.

வாளி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சிவப்பு மெத்தை நாற்காலியைக் கட்டிலருகே கொண்டுபோய் வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். நாலு பேர் சேர்ந்து டீச்சரம்மாவைத் தூக்கி அதில் உட்கார வைத்தார்கள். இரண்டு கையையும் நாற்காலியின் கைமேல் வைத்து, முதுகைச் சாய்த்து, அவர் வார்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ராணியே தோற்றாள். பின்னால் முடி தரைவரை விழுந்தது, பாதிக்குமேல் சிக்கு.

"யாரு கழுவப் போறது? நீயா?" என்று வாளியைக் கேட்டார்.

"சுருட்டை, டீச்சர். நான் தண்ணி."

டீச்சரம்மா சுருட்டையை ஏற இறங்கப் பார்த்தார். "இழுத்தேன்னா, பெஞ்சு மேல ஏத்தி நிக்க வைப்பேன்."

சுருட்டை எண்ணெய் தடவி, நுனியிலிருந்து ஆரம்பித்தாள். முடிச்சு ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. நேரம் போனது, மழை விட்டது. பெரிய நர்ஸ் ஒருமுறை வந்து பார்த்தார். சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். தலைக்குத் தண்ணீர் விடும்போது டீச்சரம்மா கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் வழிந்ததெல்லாம் வாளித் தண்ணீர்தானா என்று எனக்குத் தெரியாது. பெண்கள் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தார்கள். யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். வாளியும்தான்.

கழுத்துக்குப் பின்னால் இருந்த கடைசி முடிச்சில் சுருட்டையின் முழுக் கவனமும் இருந்தது. மக்கில் தண்ணீரை மொண்டு, மணிக்கட்டில் விட்டுப் பார்த்தவள், நிமிராமலே கத்தினாள்.

"யாருடி தண்ணி கொண்டாந்தது? ஈஸ்ட் சூடே இல்லை! கையில விட்டுப் பார்க்க மாட்டியா? ஓடு, மாத்திக் கொண்டா!"

வார்டே அடங்கிப் போயிற்று. சுருட்டை நிமிர்ந்து, எதிரே நிற்பது யார் என்று பார்த்து, வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"இதோ லீடர்," என்றாள் வாளி. வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. வாசலை அடைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

"வழி விடுங்க சார்," என்று என்னை இடித்துத் தள்ளிவிட்டு வெந்நீர்ப் பக்கம் போனாள்.